பல இடங்களில் ஆடிய வீரருக்கு மதிப்பெண்: ஜர்னைல் சிங்கும் பீட்டர் தங்கராஜும்

கால்பந்து வீடியோ கேம்களில் ஒவ்வொரு வீரரும் எண்களின் தொகுப்பாகவே இருக்கிறார். ஓட்டத்துக்கு ஓர் எண், பந்து பறிப்பதற்கு ஓர் எண், தலையால் முட்டுவதற்கு ஓர் எண் எனப் பல எண்கள் சேர்ந்து அவருடைய மொத்த மதிப்பெண்ணைத் தீர்மானிக்கின்றன. இன்று ஆடும் வீரர்களுக்கு இந்த எண்களை வழங்குவது ஓரளவு எளிது. அவர்களின் ஆட்டங்கள் படமாக்கப்படுகின்றன. ஓடிய தூரம் முதல் கொடுத்த பாஸ் வரை அனைத்தும் கணக்கிடப்படுகின்றன. பழைய வீரர்களுக்கு இந்த வசதி இல்லை. அதிலும் ஒரே இடத்தில் நிற்காமல் தற்காப்பிலும் தாக்குதலிலும் ஆடியவர்களுக்கு மதிப்பெண் இடுவது கூடுதல் சிக்கலான பணி. 1962-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியின் ஜர்னைல் சிங்கும் பீட்டர் தங்கராஜும் இச்சிக்கலுக்கு நல்ல எடுத்துக்காட்டுகள். முன்னவர் பின்களத்திலிருந்து முன்களத்துக்குச் சென்றவர். பின்னவர் முன்களத்திலிருந்து கோல் கம்பத்துக்கு வந்தவர்.

மதிப்பெண் முறையின் தோற்றம்

கணினியில் கால்பந்து வீரர்களை எண்களால் விவரிக்கும் முறை 1990களில் பரவலானது. பால் காலியர், ஆலிவர் காலியர் என்ற ஆங்கிலேயச் சகோதரர்கள் உருவாக்கிய சாம்பியன்ஷிப் மேனேஜர் 1992-இல் வெளிவந்தது. அவர்களது நிறுவனம் பின்னர் ஃபுட்பால் மேனேஜர் என்ற பெயரில் இதே வகை விளையாட்டைத் தொடர்ந்தது. இதில் வீரரின் திறன்கள் 1 முதல் 20 வரையிலான எண்களால் குறிக்கப்படுகின்றன. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ஃபிஃபா வரிசை 1993-இல் தொடங்கியது. இதில் மதிப்பெண் 99 வரை செல்லும். 2023 முதல் இவ்வரிசை இ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. என்ற பெயரில் வெளிவருகிறது.

ஓய்வுபெற்ற, மறைந்த வீரர்களும் காலப்போக்கில் இவ்விளையாட்டுகளில் இடம்பெற்றனர். 2017-இல் வெளிவந்த ஃபிஃபா 18-இல் பெலே, மாரடோனா, சோவியத் ஒன்றியத்தின் கோல் கீப்பர் லெவ் யாஷின் போன்றோர் ‘ஐகான்’ என்ற பிரிவில் சேர்க்கப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் மூன்று வடிவங்கள் தரப்பட்டன. ஒருவருடைய இளமைக் காலத்துக்கும் உச்சக் காலத்துக்கும் வெவ்வேறு மதிப்பெண்கள் இருக்கலாம் என்பதை இந்த ஏற்பாடு ஒப்புக்கொண்டது.

இந்திய சூப்பர் லீக் ஃபிஃபா 22-இல் சேர்க்கப்பட்டது. அதன் வழியே சென்னையின் எஃப்.சி. அணியும் இவ்விளையாட்டுக்குள் வந்தது. மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் மாலையில் பந்து உதைத்துவிட்டு, இரவில் விடுதி அறையில் இந்த விளையாட்டைத் திறக்கும் மாணவர் ஒருவர் சென்னை அணியைத் தேர்ந்தெடுத்து ஆட முடிந்தது. ஆனால் ஆசியாவையே வென்ற 1962-இன் இந்திய அணி அதில் இல்லை. அந்த அணியைச் சேர்க்க வேண்டுமானால் அதன் வீரர்களை எவ்வாறு எண்ணாக மாற்றுவது என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும்.

ஒற்றை எண்ணின் குறை

விளையாட்டுகளில் காட்டப்படும் மொத்த மதிப்பெண் என்பது திறன்களின் வெறும் சராசரி அல்ல. ஆடும் இடத்துக்கு ஏற்பத் திறன்களுக்கு வெவ்வேறு எடை தரப்படுகிறது. கோல் அடிக்கும் திறன் முன்கள வீரருக்கு மிக முக்கியம். பின்கள வீரருக்கு அது பெரிதாகத் தேவைப்படாது.

ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு வீரருக்கு 20-க்குப் பந்து பறித்தலில் 18, தலையால் முட்டுவதில் 17, கோல் அடிப்பதில் 13, பந்தைக் கடத்திச் செல்வதில் 10 என்று கொள்வோம். நடுப் பின்கள வீரருக்குரிய எடைகள் முறையே 5, 3, 0, 2 என்றால் அவர் பெறுவது 16.1. நடு முன்கள வீரருக்குரிய எடைகள் முறையே 0, 3, 5, 2 என்றால் அவர் பெறுவது 13.6. நான்கு திறன்களின் வெறும் சராசரியோ 14.5. இந்தச் சராசரி அவர் ஆடிய இரண்டு இடங்களில் எதற்கும் பொருந்தவில்லை. பின்களத்தில் அவர் அதைவிடச் சிறந்தவர். முன்களத்தில் அதைவிடக் குறைந்தவர்.

இக்கணக்கில் மற்றொன்றும் புலப்படுகிறது. தலையால் முட்டும் திறன் இரண்டு இடங்களிலும் பயன்படுகிறது. உயரத்தில் வரும் பந்தை வெளியே தள்ளத் தெரிந்தவர் அதே பந்தை வலைக்குள் தள்ளவும் கற்க முடியும். நடுப் பின்கள வீரர்கள் நடு முன்களத்துக்கு மாறி வெற்றி பெறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வேல்ஸ் நாட்டின் ஜான் சார்லஸ் இவ்வாறு இரண்டு இடங்களிலும் புகழ்பெற்றவர். லீட்ஸ் யுனைடெட் அணியில் நடுப் பின்களத்தில் ஆடிய அவர், முன்களத்துக்கு மாறியபின் 1953–54 லீக் பருவத்தில் 42 கோல்கள் அடித்தார். பின்னர் இத்தாலியின் யுவென்டஸ் அணியில் ஆடினார்.

ஃபுட்பால் மேனேஜர் விளையாட்டில் இச்சிக்கலுக்கு ஒரு தீர்வு உண்டு. வீரர் எந்தெந்த இடத்தில் எவ்வளவு பழக்கமுள்ளவர் என்பது தனித்தனி எண்களாகப் பதிவாகிறது. பழக்கமில்லாத இடத்தில் எவ்வளவு சமாளிப்பார் என்பதற்கும் ஓர் எண் உண்டு. அது ஆடுபவரின் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும். பல இடங்களில் ஆடிய பழைய வீரர்களை மதிப்பிட இம்முறையே பொருத்தமானது.

பல இடங்களில் ஆடவேண்டிய காலம்

அக்கால வீரர்கள் பலர் இடம் மாறி ஆடியதற்கு விதிமுறைகளும் ஒரு காரணம். ஆட்டத்தின் நடுவே மாற்று வீரரை இறக்கும் உரிமை உலகக் கோப்பையில் 1970-இல்தான் வந்தது. அதற்கு முன் காயமடைந்தவருக்குப் பதிலாக இன்னொருவரைக் களமிறக்க முடியாது. காயம்பட்டவர் நடக்க முடிந்தால் அவரை ஓரத்தில் நிறுத்திவிட்டு, அவர் இடத்தை வேறொருவர் நிரப்புவார். கோல் கீப்பர் வெளியேறினால் களத்தில் இருந்த ஒருவர் கம்பத்துக்கு நடுவே நிற்க வேண்டியதுதான். இன்றும் ஊர்களில் ஐவர், எழுவர் கால்பந்து ஆடுபவர்களுக்கு இந்நிலை புதிதல்ல. ஆள் குறைந்தால் ஃபார்வர்டு ஆடுபவரே பேக்கும் ஆடுவார். அவரே கோலியும் நிற்பார்.

எனவே 1950, 60களின் வீரருக்குப் பலவிடத் திறன் என்பது அணியில் நிலைப்பதற்கு வேண்டிய தகுதிகளில் ஒன்றாக இருந்தது. இன்றைய வீரருக்கு இடும் அளவுகோலால் மட்டும் அவரை அளந்தால் இந்தத் தகுதி கணக்கில் வராமல் போகும்.

ஜர்னைல் சிங்: பின்களத்திலிருந்து முன்களத்துக்கு

ஜர்னைல் சிங் 1936-இல் பிறந்தவர். 1959 முதல் கொல்கத்தாவின் மோகன் பகான் அணிக்கு ஆடினார். நடுப் பின்கள வீரராக அவர் பெற்ற பெயர் ஆசிய அளவிலானது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இடம்பெற்றார். 1964-இல் அர்ஜுனா விருது பெற்றார். பின்னர் இந்திய அணியின் தலைவராகவும் இருந்தார். 2000-ஆம் ஆண்டு கனடாவில் மறைந்தார்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணிக்கு ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம் பயிற்சியாளராக இருந்தார். சுனி கோஸ்வாமி அணித் தலைவர். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் இந்தியா 0–2 எனத் தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4–1 என வென்றது. அந்த ஆட்டத்தில் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. மூன்றாவது ஆட்டத்தில் ஜப்பானை 2–0 என வென்று இந்தியா அரையிறுதிக்குச் சென்றது.

அரையிறுதியில் தெற்கு வியட்நாமை எதிர்கொண்டபோது ரஹீம் துணிச்சலான முடிவொன்றை எடுத்தார். ஜர்னைல் சிங்கைப் பின்களத்தில் நிறுத்தாமல் நடு முன்களத்துக்கு அனுப்பினார். இந்தியா 3–2 என வென்றது. சுனி கோஸ்வாமி இரண்டு கோல்களும் ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடித்தனர்.

செப்டம்பர் 4, 1962 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் எதிரணி, முதல் ஆட்டத்தில் இந்தியாவை வென்ற அதே தென் கொரியா. தைவானும் இஸ்ரேலும் அழைக்கப்படாதது குறித்து இந்திய நிர்வாகி ஜி. டி. சோந்தி தெரிவித்த கருத்தால் ஜகார்த்தாவில் இந்தியாவுக்கு எதிரான கோபம் நிலவியது. அரங்கின் கூச்சல் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகவே இருந்தது. முதல் 20 நிமிடங்களுக்குள் பி. கே. பானர்ஜி ஒரு கோலும் ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடித்தனர். ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் கொரியா ஒரு கோலைத் திருப்பியது. 2–1 என்ற கணக்கில் இந்தியா தங்கம் வென்றது. ஜர்னைல் முன்னே சென்றதால் உண்டான சுமையைப் பின்களத்தில் அருண் கோஷ் உள்ளிட்டோர் தாங்கினர். அடுத்த ஆண்டே, 1963 ஜூன் 11 அன்று, ரஹீம் புற்றுநோயால் மறைந்தார்.

ஜர்னைலின் மதிப்பெண்

இந்தச் சான்றுகளிலிருந்து எண்ணுக்குச் செல்வது எப்படி? நடுப் பின்களத்தில் அவருடைய தகுதிக்குப் பல ஆண்டுகளின் ஆட்டம் சான்றாக உள்ளது. 20-ஐ இயல்பான இடத்துக்குரிய எண்ணாகக் கொண்டால் அந்த இடத்தின் பழக்கத்துக்கு 20 இடுவதில் தயக்கம் வேண்டியதில்லை.

நடு முன்களத்தில் நிலைமை வேறு. அந்தத் தொடரில் கையில் உள்ள சான்று இரண்டு ஆட்டம், இரண்டு கோல். ஆட்டத்துக்கு ஒரு கோல் என்ற விகிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் அவர் உலகின் தலைசிறந்த முன்கள வீரர்களில் ஒருவராகிவிடுவார். இரண்டு ஆட்டம் என்பது அவ்வளவு பெரிய முடிவைத் தாங்காது. மறுபுறம், அந்த இரண்டும் சாதாரண ஆட்டங்கள் அல்ல. ஆசியப் போட்டியின் அரையிறுதியும் இறுதியும். பழகாத இடத்தில் தடுமாறும் ஒருவரை எந்தப் பயிற்சியாளரும் இறுதி ஆட்டத்திலும் அதே இடத்தில் நிறுத்தமாட்டார். எனவே முன்களப் பழக்கத்துக்கு 12 முதல் 15 வரை என்ற வரம்பு பொருத்தமாகத் தோன்றும். இதைவிடக் கூட்டினால் புகழ்ச்சி. குறைத்தால் ரஹீமின் முடிவை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்வதாகிவிடும்.

மறைந்திருக்கும் பலவிடத் திறனுக்கும் துணிவுக்கும் மிக உயர்ந்த எண்ணே பொருந்தும். தையல் போட்ட தலையோடு நடு முன்களத்தில் நின்று மோதியவர் என்பது இறுதி ஆட்டத்தின் பதிவிலேயே உள்ள செய்தி.

பீட்டர் தங்கராஜ்: முன்களத்திலிருந்து கோல் கம்பத்துக்கு

பீட்டர் தங்கராஜ் 1935 டிசம்பர் 24 அன்று ஹைதராபாத்தில் பிறந்த தமிழர். இந்திய ராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆடினார். நீலகிரியின் வெலிங்டனில் அமைந்த இந்த மையம், தென்மாநில இளைஞர்கள் பெருமளவில் சேரும் மெட்ராஸ் படைப்பிரிவின் பயிற்சி மையம். தொடக்கத்தில் நடு முன்கள வீரராக ஆடிய தங்கராஜ், பின்னர் கோல் கீப்பராக மாறினார். மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டுராண்ட் கோப்பையை வென்றது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியிலும், 1960 ரோம் ஒலிம்பிக் அணியிலும் அவர் இருந்தார். 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல் கீப்பராகத் தேர்வானார். 1962 ஆசியப் போட்டியில் கோல் காக்கும் பொறுப்பைத் தங்கராஜும் பிரத்யுத் பர்மனும் பகிர்ந்துகொண்டனர். இறுதி ஆட்டத்தில் நின்றவர் தங்கராஜ். ராணுவத்துக்குப் பின் கொல்கத்தாவின் பெரிய அணிகளான மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடினார். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். 2008 நவம்பர் 24 அன்று பொகாரோவில் மறைந்தார்.

தங்கராஜின் இடமாற்றம் ஜர்னைலின் இடமாற்றத்தைப் போன்றதல்ல. முன்கள வீரருக்கும் கோல் கீப்பருக்கும் பொதுவான திறன்கள் மிகக் குறைவு. வீடியோ கேம்களிலும் கோல் கீப்பருக்கான திறன்கள் தனிப் பட்டியலாகவே உள்ளன: பாய்ந்து தடுத்தல், பந்தைக் கையில் பிடித்தல், உதைத்தல், அனிச்சை வேகம், நிற்கும் இடம் போன்றவை. முன்களத்தில் அவர் ஆடியது தொடக்கக் காலத்தில் மட்டுமே. இந்திய அணிக்காக அவர் அறியப்பட்டது கோல் கீப்பராகத்தான். எனவே முன்களப் பழக்கத்துக்கு 5 முதல் 8 வரை இட்டால் போதும். கோல் கீப்பராக அவருக்கு 20. இளமையில் ஓர் இடத்தில் ஆடினார் என்பதற்காகவே ஒருவரைப் பல இடங்களின் வல்லவராக்கிவிடுவது மதிப்பீட்டில் அடிக்கடி நேரும் பிழை.

மதிப்பெண் இடும்போது கவனிக்க வேண்டிய விதி மாற்றம் ஒன்றும் உண்டு. தன் அணி வீரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-இல்தான் வந்தது. அதற்கு முன் கோல் கீப்பர் அப்பந்தைத் தயங்காமல் கையில் எடுக்கலாம். ஆகவே இன்றைய கோல் கீப்பரைப் போலக் காலால் பந்தைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை என்று தங்கராஜுக்கு மதிப்பெண் குறைப்பது, அவர் காலத்தில் கேட்கப்படாத கேள்விக்கு விடை சொல்லவில்லை என்று குறைப்பதாகும்.

எதிரணியே அளவுகோல்

இடப் பழக்கம் தெளிவானாலும் மொத்த நிலை எங்கே நிற்கிறது என்ற கேள்வி எஞ்சியிருக்கும். ஆசியாவில் சிறந்தவர் என்பது உலக அளவில் எந்த எண்? இந்தியாவின் 1950, 60களின் ஆட்டங்களுக்கு முழுநீளப் படப்பதிவுகள் அரிது. ஆட்ட முடிவுகள், நாளிதழ்ச் செய்திகள், உடன் ஆடியவர்களின் நினைவுகள் ஆகியவையே பெரும்பாலும் கிடைப்பவை. இவற்றுள் காலத்தால் மங்காதது ஆட்ட முடிவு. மிகைப்பட அதிக வாய்ப்புள்ளது நினைவு.

ரோம் ஒலிம்பிக்கின் முடிவுகள் இங்கே உதவுகின்றன. அங்கே இந்தியா ஹங்கேரியிடம் 1–2 எனத் தோற்றது. பிரான்ஸுடன் 1–1 எனச் சமன் செய்தது. பெருவிடம் 1–3 எனத் தோற்றது. ஹங்கேரி அத்தொடரில் வெண்கலம் வென்ற அணி. அத்தகைய அணியிடம் ஒரு கோல் வித்தியாசத்தில் மட்டுமே தோற்ற அணியின் கோல் கீப்பரையும் பின்கள வீரரையும் கீழ்நிலை எண்களில் வைக்க இயலாது. அதே வேளையில், ஒலிம்பிக் கால்பந்து அன்று தொழில்முறை வீரர்களுக்கு உரியதல்ல. பிரான்ஸின் உலகக் கோப்பை அணி வேறு, ஒலிம்பிக் அணி வேறு. எனவே யாஷினுக்கு இணையான எண்ணைக் கேட்பதற்கும் இச்சான்று போதாது. இரண்டு எல்லைகளுக்கும் நடுவே ஒரு வரம்பு கிடைக்கிறது என்பதே இதன் பயன்.

காலத்தை எப்படிக் கருதுவது என்பது அடுத்த கேள்வி. இன்றைய உணவு, உடற்பயிற்சி, மருத்துவம் ஆகியவற்றோடு வளர்ந்த வீரரின் ஓட்டத்தை 1960-இன் வீரரோடு நேராக ஒப்பிட்டால் பழையவர் எப்போதும் தோற்பார். ஐகான் வரிசை இந்த வழியைப் பின்பற்றவில்லை. யாஷினுக்கு 90-க்கு மேல் எண் தந்தபோது, அவர் தம் காலத்து வீரர்களிடையே எவ்வளவு உயர்ந்து நின்றார் என்பதே கருதப்பட்டது. ஐரோப்பிய, தென்னமெரிக்க வீரர்களுக்குத் தரப்படும் இந்தச் சலுகையை ஆசிய வீரர்களுக்கு மறுக்க நியாயம் இல்லை.

எண்ணில் இல்லாதவர்கள்

இம்மதிப்பீடு வெறும் பொழுதுபோக்கு அல்ல. இன்றைய இளைஞர் பலர் பழைய வீரர்களின் பெயரை முதலில் அறிவது வீடியோ கேம் வழியேதான். நெதர்லாந்தின் ரூட் குல்லிட் ஆடியதை நேரில் பார்த்திராத தலைமுறையும், தற்காப்பு, நடுக்களம், முன்களம் என எங்கும் நிறுத்தத்தக்கவர் என்று அவரை அறிந்திருப்பது ஐகான் வரிசையால். ஜர்னைல் சிங்குக்கும் தங்கராஜுக்கும் அந்த வாய்ப்பு வாய்க்கவில்லை. ரஹீமின் வாழ்க்கையைக் கூறும் ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படம் 2024-இல் வந்த பிறகே பலர் 1962-இன் வெற்றியை அறிந்தனர்.

எண் இல்லாதவர் மறக்கப்படுவது போலவே, தவறான எண் பெற்றவர் தவறாக நினைவில் நிற்பார். ஜர்னைலை வெறும் பின்கள வீரர் என்று பதிந்தால் ஜகார்த்தாவின் இரண்டு கோல்களும் மறைந்துவிடும். எல்லா இடங்களிலும் 20 இட்டால் அவர் கதைப்பாத்திரமாகிவிடுவார். இரண்டுக்கும் மாற்று, ஃபிஃபா 18 ஒரு வீரருக்கு மூன்று வடிவங்கள் தந்தது போல, எண்ணோடு இடத்தையும் காலத்தையும் சேர்த்து எழுதுவது. மோகன் பகானின் நடுப் பின்கள வீரர் ஜர்னைல் சிங் ஒரு பதிவு. 1962 செப்டம்பரில் இந்தியாவின் நடு முன்கள வீரர் ஜர்னைல் சிங் மற்றொரு பதிவு. இரண்டாவது பதிவுக்கு முதலாவதைவிடக் குறைந்த எண்ணே கிடைக்கும். ஆசியத் தங்கத்தை வென்ற கோல் அந்தக் குறைந்த எண்ணுக்கு உரியவர் அடித்தது.